விடையில் i வராது

இடுப்பு கழன்று விழுகிற மாதிரி வலித்தது. முந்தின நாள் முழுக்கச் சோழவந்தான் பக்கம் எங்கள் ஊரில் குனிந்து நாற்று நட்டிருந்தேன். அன்றைக்கும் நடவுதான். ஒருத்தி வரவில்லை என்றால் பதில் ஆள் விட வேண்டும். எனக்குப் பதிலாக என் மதினி செல்லக்கிளி சேற்றில் இறங்கியிருந்தாள்.

நான் திருநகரில் ஒரு டியூஷன் சென்டரில் நின்றுகொண்டிருந்தேன். எம்.எஸ்சி. கணக்கு முடித்து மூன்று வருடம். டீச்சர் வேலை கேட்டுப் போன பதினோராவது இடம் அது. மிஞ்சியது இரண்டு பேர்: நானும், கார்த்திகேஷ் என்ற இன்ஜினியரும். இருந்தது ஒரே இடம்.

ஓனர் வெங்கடேஷ்பாபு சார் போர்டில் ஓர் அணிக்கோவையை எழுதினார்.

2   i   1
−i   3   i
1   −i   1

"ஆளுக்குப் பாதி போர்டு. மதிப்புக் கண்டுபிடிங்க."

i-யை i-யால் பெருக்கினால் −1. இரண்டு பேருக்கும் −2 வந்தது. அவர் கையிலிருந்த புத்தகத்தைப் புரட்டினார்.

"ரெண்டு பேருமே தப்பு. விடை 2i. நானே எழுதி அச்சடிச்ச மெட்டீரியல் இது. இன்னொரு தடவை பாருங்க."

கார்த்திகேஷ் டஸ்டரை எடுத்தார். நடுவில் 2i² என்று எழுதியிருந்ததில், மேலே இருந்த குட்டி 2-ஐ மட்டும் துடைத்தார். 4 + 2i − 4. விடை 2i ஆகிவிட்டது. என் முகத்தைப் பார்க்காமல் தள்ளி நின்றார்.

"நீங்கம்மா?"

"நான் போட்டது சரிதான் சார்."

"ஆறு வருசமா பிள்ளைக இதைத்தான் படிக்குது. அம்புட்டுப் பேரும் கூமுட்டையா?"

"இந்தக் கணக்குக்கு விடையில i வரவே வராது சார். போட்டே பாக்க வேணாம்."

"அதெப்படி?"

"நிரையை நிரலா மாத்தினா விடை மாறாதுல்ல சார்? இதுல மாத்திப் பாருங்க. i இருந்த எடத்துல −i வரும், −i இருந்த எடத்துல i வரும். மத்ததெல்லாம் அப்படியே இருக்கும். அப்ப விடை 2i-ன்னா, அதுவும் −2i-ன்னு மாறணும். ஆனா விடை மாறக் கூடாது. ஒரே விடை ரெண்டாவும் எப்படி இருக்கும்?"

அவர் போர்டில் i-யையும் −i-யையும் விரலால் மாற்றி மாற்றித் தொட்டுப் பார்த்தார்.

"சரி. புத்தகத்துல எங்க தப்புன்னு நீங்களே போட்டுக் காட்டுங்க."

நான் சாக்பீஸை அவரிடம் நீட்டினேன்.

"எங்க ஊர்ல கயிறு பிடிச்சு நடுவோம் சார். வரிசை கோணலாப் போனா நட்டவதான் பிடுங்கி நடணும். அடுத்தவ கை வைக்க மாட்டா."

பன்னிரண்டாவது இடம் தேட வேண்டியதுதான் என்று நினைத்தேன். நீட்டிய கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.

அவர் வாங்கினார். முதல் நிரையிலிருந்து விரித்துக்கொண்டே வந்தார். −i-ஐ −2i-ஆல் பெருக்கும் இடத்தில் சாக்பீஸ் நின்றது.

"ரெண்டு i-யைப் பெருக்கி ஒத்தை i-யா எழுதித் தொலைச்சிருக்கேன்," என்றார். கீழே −2 என்று எழுதி வட்டம் போட்டார். பிறகு கார்த்திகேஷ் பக்கம் திரும்பினார். "தம்பி, சரியாப் போட்டதை எதுக்கு அழிச்சீங்க?"

"சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு..."

"நாளைக்குப் பத்து பிள்ளைக சேந்து தப்பாச் சொன்னாலும் அழிப்பீங்க." என்னைப் பார்த்தார். "திங்கக்கிழமை வந்துருங்க மேடம்."

என்னை மேடம் என்று கூப்பிட்ட முதல் ஆள் அவர்தான். நிமிர்ந்து நின்றேன். இடுப்பு சுளீர் என்றது. வலித்தால் வலிக்கட்டும் என்று இன்னும் நிமிர்ந்தேன்.

"செவ்வாக்கிழமை வாரேன் சார். அடுத்த நடவு திங்கக்கிழமை, நான் வயல்ல எறங்கணும்."

"வேலை கெடச்ச பெறகுமா?"

"இன்னைக்கு எனக்குப் பதிலா எங்க மதினி நட்டுக்கிட்டு இருக்கு சார். அதுக்கு நான் ஒரு நாள் நடவு பாக்கி."