பெட்டிக்குள் வெடித்தது

சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த தையற்காரரின் தலையில் மகள் குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"சாயந்தரம் அம்மாவைப் பத்தி நீங்கதான்ப்பா பேசணும்."

"நானா?"

"பின்னே? ஊர்ல இருக்கற எல்லாரையும் பத்திப் பேசறீங்கல்ல?"

அதில் பொய் இல்லை. யார் இடுப்பு பெருத்தது, யார் வீட்டில் பேச்சுவார்த்தை நின்றது என்பதெல்லாம் அவருடைய அளவு நாடாவைத் தாண்டித்தான் தெருவுக்குப் போகும். மத்தியானத்துக்குள் போய்விடும். ராத்திரி சாப்பிடும்போது அத்தனையையும் மறுபடி மனைவியிடம் கொட்டுவார். அவள் "ம்" என்பாள். கிணற்றில் கல் போட்டாலாவது சத்தம் கேட்கும் என்று கடையில் வந்து அலுத்துக்கொள்வார்.

நேற்று வேலைக்குப் போனவள் அங்கேயே நாற்காலியில் சாய்ந்துவிட்டாள். மாரடைப்பு. உடம்பை ஆஸ்பத்திரியிலிருந்து மத்தியானத்துக்கு மேல்தான் கொடுப்பார்கள். என்ன பேசுவது? நல்லவள். அதற்கு மேல்? "ஏதோ பொட்டி சரியா இருக்கான்னு பாத்து சர்டிஃபிகேட் குடுக்கறா." கேட்டவர்களுக்கெல்லாம் இத்தனை வருஷமாக அவர் சொன்னது இவ்வளவுதான். எதிர் வீட்டுக்காரரின் மச்சினன் ஏன் வேலையை விட்டான் என்பதுவரை தெரிந்த மனிதருக்கு இது மானப் பிரச்சினை. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு பஸ் ஏறினார்.

ஊருக்கு வெளியே, ஜன்னலே இல்லாத கட்டடம். அவளோடு வேலை பார்த்த தடித்த மனிதர், கேஸ் நிரப்புகிறவர், அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுது முடிக்கும்வரை தையற்காரர் பொறுத்திருந்தார். அவருக்கு அதுவே பெரிய காரியம்.

"இங்க அவ என்னதான் பண்ணினா?"

"அக்கா சொல்லலையா மாமா?"

"நான் பேசிட்டே இருந்துட்டேன்."

கேஸ்காரர் அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். பெரிய இரும்புத் தொட்டி. அதற்குள், சுற்றிலும் போல்ட் முடுக்கிய ஒரு சுவிட்ச் பெட்டி.

"அக்கா பாதியில விட்டது. பெட்ரோல் சுத்திகரிக்கற ஆலைக்குப் போற பெட்டி. அங்க காத்துலயே கேஸ் கலந்திருக்கும்."

தையற்காரரின் கண் எதிலும் முதலில் தையலைத்தான் பார்க்கும். "மூடி சேர்ற எடத்துல இடுக்கு இருக்கே. நல்லா அடைச்சிருக்கலாமே?"

"எவ்வளவு அடைச்சாலும் கேஸ் எப்படியாச்சும் உள்ள போயிடும் மாமா. சுவிட்ச் போட்டா பொறி. வெடிக்கும். வெடிக்கட்டும்! ஆனா நெருப்பு வெளிய வரதுக்குள்ள இந்த இடுக்குல இரும்போட ஒரசி ஒரசி ஆறிப்போயிடணும். ஆறுதா இல்லையான்னு பாக்கறதுதான் அக்கா வேலை. இடுக்கு மயிரிழை கூடிச்சுன்னு வைங்க, ஆலை போச்சு."

தொட்டியின் வாயை மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடினார். பெட்டிக்குள்ளும் கேஸ், சுற்றியும் கேஸ். இருவரும் கெட்டிக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்தார்கள். பொத்தானை அழுத்தியதும் பாதத்துக்குக் கீழே தரை ஒரு தடவை விம்மியது. பிளாஸ்டிக் தாளில் சுருக்கம்கூட விழவில்லை.

"இவ்வளவுதானா?" தையற்காரருக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"இருங்க. வெளிய நிரப்பினது நெசமாவே வெடிக்கற கேஸ்தானான்னு காட்டணும். இல்லாட்டி அக்கா ஒத்துக்கவே மாட்டாங்க."

இன்னொரு பொத்தான். நீலமாக ஒன்று எழும்பி, தாளைக் கிழித்துக் கூரைவரை வீசியது. கண்ணாடி கடகடவென்று ஆடியது. தையற்காரர் கேஸ்காரரின் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். இத்தனை நெருப்பும் அந்தப் பெட்டியைச் சுற்றி வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருக்கிறது. உள்ளே அப்படி வெடித்தும் அதற்குச் சேதி எட்டவில்லை.

"தினமும் இதானா?"

"தினமும் இதான் மாமா."

தினமும் இதைப் பார்த்துவிட்டு வந்துதான், எதிர் வீட்டு மச்சினன் கதைக்கு "ம்" கொட்டியிருக்கிறாள்.

சாயந்தரம் கூடம் நிறைந்திருந்தது. மலர்களுக்கு நடுவில் அவள் கிடந்தாள். மருந்துக்கடைக்காரர் மெல்ல அவர் பக்கம் ஒதுங்கினார்.

"உங்க வீட்டம்மா... என்னைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?"

"என்ன சொல்ல?"

"ஒண்ணுமில்ல, விடுங்க."

அடுத்து, கூடப் பிறந்த தங்கை. மூக்கைச் சிந்திவிட்டு, "அண்ணி உங்கிட்ட எதாவது சொல்லிச்சாண்ணா?" என்றாள். மாடி வீட்டு ஆசிரியை கேட்க வந்து, கேட்காமலே திரும்பினாள். தையற்காரருக்கு மெல்ல மெல்ல உறைத்தது. தெரு மொத்தமும் தன் ரகசியங்களோடு அவளிடம் போயிருக்கிறது. அவர் வீட்டுக்குள்ளேயே, அவருடைய சாப்பாட்டு மேஜைக்கு அந்தப் பக்கத்திலேயே எல்லாம் இருந்திருக்கிறது.

கடைசியில் மகள் வந்து அவர் காலரைச் சரிசெய்தாள்.

"அப்பா, அம்மா உங்ககிட்ட..." நிறுத்திக்கொண்டாள். "எல்லாரும் காத்திருக்காங்க. பேசுங்க."

என்னம்மா என்று வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

எழுந்து நின்றார். நீல நெருப்பு நாக்கு நுனியில் இருந்தது. கடையில் வைத்து ஒரு மாதம் சொல்லலாம். எதிரே பார்த்தார். யாரும் அழக்கூட இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவ எங்கிட்ட ஒண்ணுமே சொன்னதில்ல" என்றார்.

முன்வரிசையில் மருந்துக்கடைக்காரரின் தோள் இறங்கியது. பிறகு தங்கையின் தோள், ஆசிரியையின் தோள். அவர் வெட்டி, அவர் தைத்த தோள்கள், வரிசை வரிசையாகப் பின்சுவர்வரை இறங்கிக்கொண்டே போயின.