பெடல் வைத்த புல்வெட்டி

மார்லிஸுக்குப் பொய் சொல்ல வராது. சர்ச் விருந்தில் யாராவது சுட்டுக்கொண்டு வந்த கேக் வறண்டு போயிருந்தால், "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி முடிப்பதற்குள் காது வரைக்கும் சிவந்துவிடுவாள். ஊருக்கே தெரியும். அப்படிப்பட்டவள் கட்டிய கணவனிடம், பட்டப்பகலில், ஒரு புல்வெட்டியை வைத்துப் பொய் சொன்னாள். அன்றைக்கு முகம் சிவக்கவே இல்லை.

அமெரிக்காவின் அயோவாவில் ஓர் ஆளை எடைபோட அவன் வீட்டுக்குள் போக வேண்டியதில்லை, வாசல் புல்லைப் பார்த்தால் போதும். அவள் கணவன் வெர்லின் அதற்கும் ஒரு படி மேலே. வீட்டைச் சுற்றியுள்ள புல்லை வெட்டி முடித்த பிறகு, சாலையோரப் பள்ளத்திலும் அந்தப் புல்வெட்டி டிராக்டரை இறக்குவான். பள்ளத்தைக் கவுண்டி நிர்வாகத்து ஆட்கள் வந்து வெட்டிக்கொள்ளட்டும் என்று விடுகிறவர்களை அவன் மனிதர்களாகவே மதித்ததில்லை. சரிவில் வண்டி சாயும்போது சீட்டில் பாதி உட்கார்ந்து மேட்டுப் பக்கம் சாய்ந்துகொள்வான். அந்த நிலையிலும் ரோட்டில் போகிற வண்டிக்கெல்லாம் கையசைப்பு வேறு. அவன் மேலே ஏறி வருகிறவரை மார்லிஸ் சமையலறை ஜன்னலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

போன இலையுதிர் காலத்தில் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை தேறிவிட்டது, வலது கால் தேறவில்லை. பனிக்காலத்தில் பழைய டிராக்டரும் எஞ்சினைக் கெடுத்துக்கொண்டு படுத்துவிட்டது. ஆனாலும் வெர்லின் அசரவில்லை. தினமும் ஊன்றுகோலோடு வாசல் பாதையில் இறங்கி, ரோட்டோரத் தபால் பெட்டியின் தகர மண்டையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்புவான். காலுக்குப் பயிற்சி கொடுக்க வரும் பெண்ணிடம், "புல்லு எனக்காக நிக்காதும்மா" என்பான்.

வசந்தத்தில் டாக்டர் மார்லிஸைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். கால் நன்றாகத் தேறி வருகிறது, விடாமல் நடக்கட்டும், உப்பைக் குறையுங்கள் என்றார். வெளியே வந்தவள் வெர்லினிடம் உப்பை மட்டும் சொன்னாள். தேறிய கால் நேரே பள்ளத்துக்குத்தானே போகும் என்று அவள் பயந்தாள்.

மறுநாள் புது டிராக்டர் வாங்கப் போனார்கள். காலை இழுத்து நடப்பதை ஊர் பார்க்கக் கூடாது என்று வெர்லின் பிக்கப் வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டான். "கையால ஓட்டுற மாதிரி இருக்கான்னு கேளு" என்று மட்டும் சொல்லி அனுப்பினான்.

கடைக்காரன் கர்ட் முதலில் முன் வரிசையைக் காட்டினான். "இது பெடல் வச்சது. முன்னாடி போக, பின்னாடி வர எல்லாம் வலது காலால அழுத்தணும். இப்ப எல்லாரும் இதைத்தான் கேக்குறாங்க." பிறகு முற்றத்தின் ஓரத்துக்கு அழைத்துப் போனான். "ஆனா உங்களுக்குன்னு இதை ஒதுக்கி வச்சேன். வேகமெல்லாம் இந்தக் கைப்பிடியில. பிரேக் இடது கால்ல. வலது காலுக்கு வேலையே இல்ல. ஏறிப் பாருங்க."

மார்லிஸ் ஏறி உட்கார்ந்து கைப்பிடியைத் தள்ளிப் பார்த்தாள். வெண்ணெயில் கத்தி போல நகர்ந்தது.

"வெர்லினுக்குப் பழகின வேலைதானே," என்றான் கர்ட் நல்ல மனசோடு. "ஒரே வாரத்துல பள்ளத்தையும் வெட்டிடுவார் பாருங்க."

அவள் இறங்கிவிட்டாள். "பெடல் வண்டியே குடுத்துடு."

"அவரை ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"ஓட்டப்போறது நான்தான் கர்ட்."

பிக்கப்புக்குத் திரும்பியதும் வெர்லின் கேட்டான், "இருந்துச்சா?"

"இல்லையாம். அந்த மாதிரி இப்ப வர்றதே இல்லையாம்."

வெர்லின் கண்ணாடி வழியே முற்றத்துப் பக்கம் பார்த்தான். "சரி விடு. வா, போய்க் காப்பி குடிப்போம்."

அதன்பிறகு மார்லிஸ் வெட்டினாள், அவன் கராஜ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தான். முதல் வாரம், "என்னடி, குடிச்சிட்டு ஓட்டுறியா? கோடு இந்தப் போக்குப் போகுது" என்று கத்தினான். அடுத்த வாரம் சும்மா சிரித்தான். அதற்கடுத்த வாரம் செய்தித்தாளை மடியில் வைத்துக்கொண்டு வேறு எங்கோ பார்த்தான். தபால் பெட்டிக்குப் போவதும் நின்றது. ஒருநாள் மழை என்றான், ஒருநாள் முட்டி வலி என்றான், அப்புறம் காரணம் சொல்வதையும் விட்டுவிட்டான்.

பயிற்சிக்கு வரும் பெண் சமையலறையில் மார்லிஸைப் பிடித்துக்கொண்டாள். "என்னாச்சு அவருக்கு? நல்லா வந்துட்டிருந்தாரே. இந்த மாசங்கதான் முக்கியம். இப்ப விட்டா அப்புறம் பிடிக்கிறது கஷ்டம்."

மனசு உறுத்தினால் மார்லிஸுக்குத் தெரிந்த ஒரே மருந்து மாவு பிசைவதுதான். அந்தக் கோடையில் வெர்லினுக்குப் பிடித்த ருபார்ப் பை, புளிப்புத் தண்டை மாவுக்குள் வைத்துச் சுட்ட பலகாரம், வாரம் தவறாமல் மேசைக்கு வந்தது. அதைவிடக் கேவலம், அவளுக்குப் புல் வெட்டுவது பிடித்துப்போயிருந்தது. வண்டியில் ஏறிவிட்டால் யாரும் அவளைக் கூப்பிட முடியாது. ஒருநாள் தன்னையறியாமல் பாட்டு முணுமுணுத்தாள். நாற்காலியில் இருந்தவனைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். பள்ளத்துப் பக்கம் மட்டும் அவள் போகவே இல்லை. அங்கே புல் முழங்கால் உயரம் நின்றது. வெர்லின் அதைத் தினமும் பார்த்தான், ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

ஒரு மத்தியானம், ருபார்ப் பை வைத்த தட்டை அவன் முன்னால் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள்.

"கர்ட் கடையில கைப்பிடி வண்டி இருந்துச்சு வெர்லின். உனக்குன்னே ஒதுக்கி வச்சிருந்தான். நான்தான் வேணாம்னுட்டேன்."

"தெரியும்," என்றான் வெர்லின்.

"என்ன தெரியும்?"

"நீ அதுல ஏறி உக்காந்து கைப்பிடியை ஆட்டினதை பிக்கப்ல இருந்தே பாத்தேன். எனக்குக் கால்தானே போச்சு, கண்ணு போகலையே."

"அப்புறம் ஏன் ஒண்ணும் கேக்கல?"

அவன் முள்கரண்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்தான். "அதுக்கு முந்தின நாள்தானே டாக்டர் உன்னைத் தனியாக் கூப்பிட்டுப் பேசினார். வெளிய வந்து உப்பு உப்புன்னே. மறுநாள், பொய்யே சொல்லத் தெரியாதவ என் முகத்தைப் பாத்துப் பொய் சொல்றே. இந்தக் கால் இனிமே தேறாதுன்னு சொல்லிட்டார் போல, என்கிட்டச் சொல்ல இவளுக்கு மனசு வரலன்னு நினைச்சேன். தேறாத காலைத் தபால் பெட்டி வரைக்கும் இழுத்துட்டுப் போய் என்ன ஆகப்போகுது?"

மார்லிஸ் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"தேறும்னுதான் சொன்னார். விடாம நடக்கச் சொன்னார். தேறிட்டா நீ பள்ளத்துல இறங்குவியே, வண்டி கவுந்து உன் மேல விழுமேன்னு எனக்குப் பயம். வேற ஒண்ணுமே இல்ல வெர்லின்."

அவன் தட்டை ஒதுக்கி வைத்தான். "பள்ளத்துப் பக்கம் போகாதேன்னு சொல்லியிருக்கலாமே."

"சொன்னாக் கேட்டிருப்பியா?"

"மாட்டேன்," என்றான். "ஆனா சண்டை போட்டிருப்போம். அது இதைவிடத் தேவல."

அவள் எழுந்து போய்க் கர்ட்டுக்குப் போன் செய்தாள். அந்த வண்டி எப்போதோ விற்றுப்போய்விட்டது. ஆர்டர் கொடுத்தால் இன்னொன்று வர இலையுதிர் காலம் ஆகிவிடும் என்றான். எழுதிக்கோ என்றாள். திரும்பி வந்தபோது வெர்லின் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வாசல்படியில் நின்றிருந்தான்.

பாதையில் இறங்கி நடந்தார்கள். அவள் கை கொடுக்கவில்லை, அவன் கேட்கவும் இல்லை. லைலாக் பூப்புதர் வரைக்கும் வந்தான். அங்கே வலது கால் நடுங்க ஆரம்பித்தது, ஊன்றுகோலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். வசந்தத்தில் அந்தப் புதரை அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்து போவான். தபால் பெட்டி இன்னும் பாதி தூரத்தில் இருந்தது. அந்தப் பாதி தூரத்தையும் அவனிடமிருந்து பிடுங்கிக்கொண்டவள் நான்தான் என்று மார்லிஸுக்கு உறைத்தது.

"நீ போய்ப் பாத்துட்டு வா," என்றான் மூச்சு வாங்கியபடி.

அவள் தனியாகப் போனாள். பள்ளத்துப் புல் பெட்டிக் கம்பத்தைப் பாதி மறைத்து நின்றது. பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"ஒண்ணும் வரல."

"நாளைக்கு நானே வந்து பாக்குறேன்," என்றான் வெர்லின். "வந்துடுவேன்ல?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தாள். அது பொய்யா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. அதனால் அவனுடைய வலது பக்கமாகப் போய் நின்றுகொண்டாள்.