ஐந்து நடை

…சொரசொரவென்று உள்ளங்கையை நக்குகிறது அந்த நாக்கு, விரலிடுக்கு விடாமல், மணிக்கட்டு வரைக்கும், நெய் ஒட்டியிருக்கிற இடமெல்லாம் தேடித்தேடி, கூசுகிறது, சிரிப்பு வருகிறது, கையை இழுத்துக்கொள்ள மனசில்லை, இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம் என்று நானே நீட்டுகிறேன், அவள் காதில் மஞ்சள் வில்லை ஆடுகிறது, நூற்றுப் பதினேழு, அதற்குள் விழிப்பு வந்துவிடுகிறது, பார்த்தால் கை கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருக்கிறது, ஐம்பத்திரண்டு வயதுக் கை, காய்ந்துபோய், ஒன்றுமில்லை அதில். தை பிறந்தால் போதும், இந்தக் கனவு தவறாமல் வந்துவிடும். எங்கள் வீட்டில் சர்க்கரைப் பொங்கல் வைப்பதில்லை, தன் சர்க்கரை வியாதிக்காகத்தான் நான் அதைத் தொடுவதில்லை என்று வீட்டுக்காரர் சொந்தபந்தமெல்லாம் பெருமை பேசிவைத்திருக்கிறார், பேசட்டும், நான் திருத்தவில்லை, திருத்த வேண்டுமென்றால் பண்ணையிலிருந்து தொடங்க வேண்டும்.

பண்ணை எங்கள் ஊரிலிருந்து ஆறு மைல், இருநூறு மாடுகள், அப்பா அங்கே பால் கறக்கிறவர், நாச்சிமுத்து என்றால் கை வைத்ததும் மாடு சுரந்துவிடும் என்று பேர், விடிவதற்கு முன்னால் சைக்கிளில் போவார், பொழுது சாயத் திரும்புவார், வந்ததும் படுத்துவிடுவார், அவரிடமிருந்து பாலும் சாணியும் மருந்துத் தண்ணீரும் கலந்து ஒரு வாசம் வரும், பேச்சு மட்டும் வராது. என்னைக் கூப்பிடுவதென்றால் ஏய், தூரத்தில் நின்றால் ஏ புள்ள, அவ்வளவுதான். அடித்ததில்லை, திட்டியதுமில்லை, அதுதான் எனக்கு ஆத்திரம், அடித்தாலாவது என்னைப் பார்த்துத்தானே அடிக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் கண்ணு என்ற சொல்லுக்குப் பஞ்சமே கிடையாது, பெட்டிக்கடைக்காரர் என்னோணும் கண்ணு என்பார், பஸ் கண்டக்டர் உள்ள தள்ளி நில்லு கண்ணு என்பார், முன்பின் தெரியாத கிழவர்கூட வழிகேட்கும்போது கண்ணு போட்டுத்தான் கேட்பார், என் அப்பா வாயில் மட்டும் அது வராது, அவருக்கு அந்தச் சொல்லே தெரியாது என்றுதான் ஒன்பது வயதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

வருஷத்தில் ஒரே ஒரு நாள், மாட்டுப் பொங்கல் அன்று, வேலையாட்களின் குடும்பங்களை உள்ளே விடுவார்கள், அந்த வருஷம்தான் அம்மா முதன்முதலாக என்னைக் கூட்டிப்போகிறாள், டிராக்டர் டிரெய்லரில் உட்கார்ந்து போகிறோம், எனக்குப் பச்சைப் பாவாடை, தலை நிறையக் கனகாம்பரம், பண்ணை வாசலில் ஒரு சின்னக் குழியில் மருந்துத் தண்ணீர், காலை நனைத்துக்கொண்டுதான் யாரும் உள்ளே போக வேண்டும், அம்மா புதுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இதென்னடி கோயிலுக்குப் போற மாதிரி என்று சிரிக்கிறாள், என் கொலுசு இரண்டும் மருந்தில் முங்கி எழுகின்றன. உள்ளே நீளநீளமாகக் கொட்டகைகள், எந்த மாட்டுக்கும் பேர் கிடையாது, காதில் மஞ்சள் வில்லையில் நம்பர், அப்பா முன்னால் நடக்கிறார், நாங்கள் பின்னால், மூன்றாவது கொட்டகையின் கடைசியில் ஒரு செவலைப் பசு, நூற்றுப் பதினேழு, அப்பா வந்து சேர்வதற்கு முன்னாலேயே தலையைத் திருப்பி நிற்கிறாள், அவர் அவள் கழுத்தைக் கட்டிக்கொள்கிறார், என் அப்பா, என்னடா கண்ணு, தண்ணி குடிச்சியா கண்ணு, கால் வலிக்குதா கண்ணு, எங்கண்ணு என்கிறார், எனக்குத் தலையில் இடி விழுந்தது, அந்தக் குரலே அவருடையது இல்லை, யாரோ அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்று பேசுகிற மாதிரி இருந்தது. அம்மாவுக்கு அது புதுசில்லைபோல, உங்கப்பன் வாயில இருக்கற நல்ல பேச்சுப்பூரா இங்கயே தீந்துபோயிருதடி, வூட்டுக்கு வர்றப்ப வெறும் பைதான் வருது என்றாள், பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் செவலை பிறந்த அன்றே தாய் செத்துவிட்டதாம், பாட்டிலில் பால் புகட்டி, தன் துண்டால் போர்த்தி, அப்பாதான் வளர்த்தாராம், இப்போது தலைச்சன் சினை, பங்குனியில் கன்று போடுவாளாம், இதெல்லாம் அம்மா சொல்கிறாள், நான் அந்த மாட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அதுவும் என்னைப் பார்க்கிறது, நீ யார் என்று நான் அதைக் கேட்க வேண்டும், அதுவோ என்னை அப்படிக் கேட்கிறது.

பொங்கல் பொங்கியது, தட்டைத் தட்டிக்கொண்டு எல்லாரும் கூவினோம், அப்புறம் பண்ணை டாக்டர் ஒரு பெஞ்சின்மேல் ஏறி நின்று கண்டிப்பாகச் சொன்னார், ஒரு மாட்டுக்கு ஒரு எலுமிச்சங்காய் அளவு, சாஸ்திரத்துக்கு, அதுக்கு மேல ஒரு பருக்கை போகக்கூடாது, சோறு மாட்டுக்கு விஷம். விஷம் என்றதும் பெண்களுக்குக் கோபம், மாட்டுக்கே மாட்டுப் பொங்கல் இல்லீங்களா, வருசத்துக்கு ஒருநாள் வாய்க்கு ருசியாத் திங்காம என்னங்க சீவனம் என்று ஒரு அக்கா முணுமுணுத்தாள், அம்மாவும் சேர்ந்துகொண்டாள், படிச்சவங்களுக்கு எதைக் கண்டாலும் பயம் என்றாள். நானும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றேன், விஷம் என்ற சொல் என் காதிலும் விழுந்தது, விழவில்லை என்று இதுநாள்வரை எத்தனையோ முறை எனக்கு நானே சாதித்துப் பார்த்துவிட்டேன், விழுந்தது. ஆனால் நெய்யும் வெல்லமும் முந்திரியும் போட்டது எப்படி விஷமாகும், நானே மூன்று தரம் வாங்கித் தின்றிருந்தேன்.

எல்லாரும் வேப்பமரத்தடியில் சாப்பிட்டு முடித்துச் சாய்ந்துவிட்டார்கள், அப்பா பால் அறையில் இருக்கிறார், அண்டாவில் பாதிப் பொங்கல் கேட்பாரில்லாமல் கிடக்கிறது, ஒரு வாளி கிடக்கிறது, நான் அரை வாளி மொண்டுகொண்டு போகிறேன், முழு வாளி தூக்க முடியாது, மூன்றாவது கொட்டகை, கடைசி, அவள் மோந்து பார்த்தாள், அப்புறம் முகத்தை உள்ளே விட்டாள், காலியானதும் தலையைத் தூக்கி என் கையை நக்கினாள், சொரசொரவென்று, ஐயோ எனக்கு எவ்வளவு சந்தோஷம், இவள் என்னிடம் வந்துவிட்டாள், சாயங்காலம் அப்பா எதிரில் நான் கூப்பிட்டால் என் பக்கம் திரும்புவாள், அவள் என் பக்கம் திரும்பினால் அப்பாவும் திரும்பித்தானே ஆக வேண்டும், ஒன்பது வயது மூளைக்கு எட்டியது அவ்வளவுதான். இரண்டாவது நடை, மூன்றாவது நடை, ஐந்து நடை போனேன். ஐந்தாவது நடையில் அவள் நிறுத்திவிட்டாள், நான்தான் விடவில்லை, கையில் அள்ளி வாயருகே கொண்டுபோய், தின்னு, எனக்காகத் தின்னு என்று ஊட்டினேன், தின்றாள். அது ஆசையா பொறாமையா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பதில் தெரியாது, இரண்டும் ஒரே வாளியில்தான் இருந்தன.

சாயங்காலம் பிள்ளைகளுக்குப் போட்டி வைத்தார்கள், கரண்டியில் எலுமிச்சங்காய் வைத்து வாயில் கடித்துக்கொண்டு நடப்பது, எனக்கு இரண்டாம் பரிசு, டாக்டர் கையாலேயே ஒரு நீலச் சோப்பு டப்பா, உள்ளே சோப்பும் இருந்தது, எல்லாரும் கைதட்டுகிறார்கள், அப்போதுதான் மூன்றாவது கொட்டகையிலிருந்து ஒருவர் ஓடிவந்து, நூத்திப் பதினேழு படுத்துருச்சுங்க என்றார். எல்லாரும் ஓடினோம். அவள் கிடந்தாள், இடதுபக்க வயிறு மத்தளமாக உப்பியிருந்தது, பல்லை நறநறவென்று கடித்தாள், நாக்கு வெளியே, அந்த நாக்கு, டாக்டர் வயிற்றில் ஒரு குழாயைக் குத்தினார், புஸ்ஸென்று காற்று வந்தது, கூடவே புளித்த வெல்ல வாசம், என் பாவாடையிலும் அதே வாசம். எவனோ வயிறு முட்டச் சோறு போட்டிருக்கான், யாருன்னு தெரிஞ்சாகணும், தெரியாம ஒருத்தரும் கேட்டைத் தாண்டக் கூடாது என்று டாக்டர் கத்துகிறார், நான் சோப்பு டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறேன், அப்பா அவள் தலையை மடியில் வைத்திருந்தவர் நிமிர்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறார், என்னிடம் வந்ததும் நின்றுவிட்டார், முகத்தை அல்ல, கையைப் பார்த்தார். எழுந்து வந்தார், மணிக்கட்டைப் பிடித்தார், கூட்டத்தைத் தாண்டிக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துப்போனார். அங்கே நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன்.

திரும்பி வந்ததும் அப்பா டாக்டர் முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார், நாந்தானுங்க சார், ஆசையா இருந்துச்சுங்க, கூடக் கொஞ்சம் வெச்சுப்போட்டேன் என்றார். டாக்டர் அவரை மேலும்கீழும் பார்த்தார், நாச்சிமுத்து, நீயா, இருபது வருசம் இங்க இருக்கியேய்யா, உனக்கே தெரியாதா என்று கேட்டார், தெரியுமுங்க சார் என்றார் அப்பா. அவ்வளவு பேர் முன்னால். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவள் போய்விட்டாள், அவள் போன பிறகும் வயிற்றுக்குள் கன்று கொஞ்ச நேரம் அசைந்துகொண்டிருந்தது, வெளியில் எடுத்தாலும் மாசம் பத்தாது, நிக்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார், அப்பா அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார், அசைவு நின்றதும் எடுத்தார். மறுநாளிலிருந்து அவருக்குப் புல்வெட்டு, கொட்டகைக்குள் கால் வைக்கக் கூடாது, பால் கறந்த கையில் அரிவாளோடு பன்னிரண்டு வருஷம், சாகும்வரை. வாயில்லாச் சீவனை ஆசை காட்டிக் கொன்னுபோட்டீங்களே என்று அம்மா ஒவ்வொரு தைக்கும் அவரைக் குத்திக்காட்டுவாள், அவர் தலைகுனிந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார், பக்கத்து இலையில் நான், ஒருமுறைகூட, ஒரே ஒருமுறைகூட நான் வாயைத் திறக்கவில்லை, அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள், அவரைத் திட்டியபடியே.

கொட்டகைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி இருந்தது. அடிக்கப் போகிறார், கொல்லப் போகிறார், கொல்லட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டேன், சத்தமே இல்லை, அதக் குடு என்று நீலச் சோப்பு டப்பாவை வாங்குகிறார், சோப்பை எடுக்கிறார், என் கையை முக்கி நுரைபோட்டுத் தேய்க்கிறார், விரலிடுக்கு விடாமல், நகத்துக்கடி, மணிக்கட்டு வரைக்கும், நெய் ஒட்டியிருக்கிற இடமெல்லாம் தேடித்தேடி, பாவாடையில் ஒட்டியிருந்த ஒரு பருக்கையைக் கிள்ளித் தன் வாயில் போட்டுக்கொள்கிறார், அவர் கை சொரசொரவென்று இருக்கிறது, அந்த நாக்கைப் போலவே, அதுவரை அவர் என் கையைப் பிடித்ததே இல்லை, எனக்கு எப்படித் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் முனகுகிறாள், இந்தப் பக்கம் அப்பா குனிந்து என் காதருகே, யாருகிட்டயும் சொல்லிராத கண்ணு என்றார். கண்ணு என்றார். ஒரே ஒருமுறைதான், அதற்கப்புறம் சாகும்வரை பழையபடி ஏய்தான், நான் அந்தச் சுவரோரம் நின்று அதைக் கேட்டேன், மாடு செத்துக்கொண்டிருக்கிறது, அப்பாவின் கண்ணிலிருந்து சொட்டுச்சொட்டாகத் தொட்டியில் விழுகிறது, எனக்கோ, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது, கையை இழுத்துக்கொள்ள மனசில்லாமல், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நீட்டிக்கொண்டே நின்றேன்.