கல்குழாயின் பின்பக்கம்

இப்போதெல்லாம் மனுசனுக்குத் தண்ணீர் குடிக்கவே தெரியவில்லை. கடைத்தெரு நடுவில் நிற்கிற கல்குழாயடிக்குப் போய்ப் பாருங்கள். ஒருத்தி வாயைக் குவித்துக் குழாய்க்குக் கீழே நீட்டுகிறாள். கூட வந்தவன் கைபேசியில் படம் பிடித்துவிட்டு, "இன்னொன்னு, இன்னொன்னு" என்கிறான். கடைசியில் இரண்டு பேரும் ஒரு சொட்டுக் குடிக்காமல் எதிர்க்கடையில் பாட்டில் வாங்கிக்கொண்டு போகிறார்கள். குழாயைத் திருகி மூடக்கூடக் கை வராது. கடைத்தெருவில் கத்திக்குச் சாணை பிடிக்கிற சாணைக்காரருக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். "தண்ணி குடிக்க வந்தீங்களா, தண்ணிய வேடிக்கை பாக்க வந்தீங்களா?" என்று கத்துவார். அவரையும் சேர்த்து ஒரு படம் பிடித்துக்கொள்வார்கள்.

அன்றைக்குக் காலையில் கத்த வேறு காரணம் கிடைத்தது.

நகராட்சி அந்தக் குழாயைச் சுரண்டிக் கழுவிப் புதுசாக்கியிருந்தது. மறுநாள் திறப்பு விழா. பக்கவாட்டில் ஒரு கறுப்புக் கல்லைப் பதித்துவிட்டுக் கொத்தனார் ஓரம் பூசிக்கொண்டிருந்தார். சாணைக்காரர் பள்ளிக்கூடம் போனது கொஞ்ச காலம்தான். விரல் வைத்து, எழுத்துக்கூட்டிப் படித்தார். ஊர்ப் பெரிய வியாபாரி ஒருவர் கட்டிக்கொடுத்ததாம். மலையடி ஊற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தாராம். வழிப்போக்கர்கள் வாழ்த்திக் குடித்தார்களாம். சரி, போகட்டும். கடைசி வரியில் விரல் நின்றுவிட்டது.

'பின்புறம் உள்ள தாழ்வான குழாய் கால்நடைகளின் தாகம் தீர்ப்பதற்காக அமைக்கப்பட்டது.'

மறுபடி படித்தார். எழுத்து மாறவில்லை.

"எவன்டா இதை எழுதினவன்?"

கொத்தனார் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. "என் மேல பாயாதீங்க பெரியவரே. வெட்டின கல்லக் குடுத்தாங்க, பதிச்சேன். எனக்கும் அதுக்கும் என்ன?"

"பின்னால வா. வந்து பாரு."

முன்பக்கக் குழாய் நெஞ்சு உயரத்தில், பூ செதுக்கிய தொட்டிக்கு மேலே இருந்தது. ஒரு காலத்தில் சங்கிலியில் பித்தளை டம்ளரும் தொங்கியது. பின்பக்கம் அப்படியில்லை. கல்லைக் குடைந்த ஒரு குறுகலான மாடம், அதற்குள்ளே முழங்கால் உயரத்தில் ஒரு இரும்பு மூக்கு. அவ்வளவுதான்.

"இதுக்குள்ள மாட்டுத் தல நுழையுமா? கொம்பக் கழட்டி ஓரமா வெச்சுட்டு வந்து குடிச்சுதா?"

"நுழையாதுதான்" என்றார் கொத்தனார், தலையைச் சொறிந்துகொண்டு.

"கீழ பாரு. இது என்ன?"

மாடத்துக்கு முன்னால் தரைக்கல்லில் இரண்டு குழிகள், பக்கத்துப் பக்கத்தில், வழவழவென்று தேய்ந்திருந்தன.

"தண்ணி விழுந்து தேஞ்சிருக்கும்."

"தண்ணி அங்க விழுது, குழி இங்க இருக்கு. மாடு முட்டி போடுமாய்யா? மனுசன் போட்டது. நான் போட்டது!"

ஆற்றோரத்தில் தோல் பட்டறை இருந்த காலம் அது. பட்டறையில் வேலை செய்கிறவர்களும் அவர்கள் பெண்டு பிள்ளைகளும் முன்பக்கம் வரக்கூடாது. அப்படி எங்கேயும் எழுதி வைத்திருக்கவில்லை. எழுதாத காரணத்தாலேயே யாராலும் அதை அழிக்கவும் முடியவில்லை. பின்பக்கக் குழாய் நின்று குடிக்கிற உயரமும் இல்லை, உட்கார்ந்து குடிக்கிற உயரமும் இல்லை. முட்டி போட்டால்தான் வாய் எட்டும். பிறகு பட்டறையை மூடினார்கள், வீட்டுக்கு வீடு குழாய் வந்தது, ஊர் மறந்துவிட்டது. மறக்க வசதிப்பட்டவர்கள் மறந்தார்கள்.

"இந்தக் குழியையும் பூசச் சொல்லியிருக்காங்க" என்று இழுத்தார் கொத்தனார். "இதோ பாருங்க, உங்க அக்காகிட்டக் கேட்டுத்தான் அந்த வரிய எழுதினாங்களாம்."

"எங்க அக்காகிட்டயா? என்கிட்ட ஏன் கேக்கல?"

"உங்ககிட்ட வர பயந்தாங்களாம்."

அக்கா, தன் மகன் வீட்டு மாடியில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். தம்பி படியேறி வருகிற சத்தத்திலேயே அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"உக்காந்து கத்து. நின்னு கத்தினா உனக்கு மூச்சு வாங்கும்."

"மாட்டுக்குன்னு நீயா சொன்னே?"

"சொன்னேன்." மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"நாம என்ன மாடா அக்கா?"

"நம்மள மாடுன்னா சொன்னேன்? அங்க மாடு குடிச்சுதுன்னு சொன்னேன். அதுல நாம இல்லவே இல்ல."

"அதத்தான் கேக்குறேன், ஏன் இல்ல?"

அக்கா பக்கத்து அறையை எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். அங்கே மருமகள் இருந்தாள். குழாய்க்கு நேர் எதிரே மளிகைக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பெண். "கல்லுல என்ன எழுதலாம்னு கேக்க நகராட்சி ஆளுங்களோட இவ அப்பா வந்தாருடா. 'எல்லாத்தையும் எழுதிடலாம், பாவம், நீங்க பட்ட கஷ்டம் கொஞ்சமா'ன்னு இதே நாற்காலியில உக்காந்து கண்ணத் தொடச்சுக்கிட்டாரு. அதப் பாத்ததும் முடிவு பண்ணிட்டேன். அவரப் பெத்த மனுசன்தானேடா என்னைய டம்ளரத் தேய்க்க வெச்சது?"

சாணைக்காரருக்கு அது மறக்குமா? அவருக்கு விக்கல் நிற்காத ஒரு நாள், அக்கா அவரை இடுப்பில் தூக்கிக்கொண்டு முன்பக்கம் போய் அந்த டம்ளரில் தண்ணீர் கொடுத்துவிட்டாள். கடைக்காரர் இறங்கி வந்தார். தெருவே பார்க்க, சாம்பல் போட்டு டம்ளரைத் தேய்க்க வைத்தார். தேய்த்து முடித்ததும், "இன்னொரு தரம்" என்றார்.

"அன்னிக்கு நீ அழுதே" என்றார்.

"நான் அழல. நீதான் அழுதே. எனக்கு உன் விக்கல் நின்னுச்சேன்னு இருந்துச்சு."

"அத எழுதணும். கல்லுல வெட்டணும்."

"வெட்டி? போறவன் வர்றவன் எல்லாம் படிச்சுட்டு 'ஐயோ பாவம்'னு உச்சுக் கொட்டிட்டுப் போவான். எனக்கு எவனோட பாவமும் வேண்டாம்."

"பாவப்படணும்னா சொல்றேன்? வெக்கப்படணும்னு சொல்றேன்."

"வெக்கப்பட மாட்டாங்கடா. பாவப்படத்தான் வரும். அதுல அவங்களுக்குச் செலவே இல்ல."

சாணைக்காரருக்குக் கோபம் தலைக்கு ஏறியது. எழுந்து நின்றார். "அப்ப அம்மா? என்னைய வயித்துல வெச்சுக்கிட்டு அங்கதான் முட்டி போட்டா. உன் ஒரு வார்த்தையில அவளையும் மாடாக்கிட்டே."

மெஷின் நின்றது. அக்கா நூலை அறுத்துத் துணியை மடித்து வைத்தாள். பிறகு குடையை ஊன்றி எழுந்தாள். "வா" என்றாள்.

குழாயடியில் கொத்தனார் அப்போதுதான் கலவை கலந்து வைத்திருந்தார். "அந்தக் கடைசி வரியக் கொத்தி எடுத்துரு" என்றாள் அக்கா.

"யாரக் கேட்டுங்க?"

"என்னையக் கேட்டுத்தானே எழுதினாங்க? அந்தக் கிழவி பொய் சொல்லிட்டாளாம்னு உங்க நகராட்சியில சொல்லு."

கொத்தனார் தள்ளிப் போய்க் கைபேசியில் பேசிவிட்டு வந்தார். "எடுத்துரலாமாம். புதுசா எதுவும் எழுத முடியாதாம். விழாவுக்கு நேரமில்லையாம்."

"பாத்தியா? அழிக்க நேரமிருக்கு, எழுத நேரமில்ல" என்றார் சாணைக்காரர்.

"பொய் போச்சில்ல, விடு."

"பொய் போச்சு. நெசம் எங்க வந்துச்சு?"

இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட கொத்தனார் மெதுவாகக் கேட்டார். "குழிய என்ன செய்யட்டும்? பூசலேன்னா யாராவது இடறி விழுவாங்க."

"விழட்டும்யா. விழுந்தாத்தான் இது என்ன குழின்னு கேப்பான்!"

அக்கா பின்பக்கம் போனாள். குழியில் சேர்ந்திருந்த மண்ணைக் குடை நுனியால் கிளறி வெளியே தள்ளினாள். ஒரு குழி, பிறகு இன்னொன்று. வெகு நேரம் குனிந்து பார்த்தாள்.

"பூசாதே. இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். "இப்பத் திருப்தியா?"

சாணைக்காரர் சட்டியிலிருந்த கலவையைப் பார்த்தார். "கலந்தாச்சு. கலந்ததக் கீழ கொட்டுவானா? நான் அந்தப் பக்கம் திரும்பினதும் பூசிடுவான். நீயும் பாத்துக்கிட்டு நிப்பே."

"அவ்வளவு நம்பிக்கை இல்லேன்னா இங்கயே நின்னு காவல் இரு."

"எத்தனை நாளைக்கு?" என்று கேட்டுவிட்டு நடந்தார்.

"டேய், நில்லுடா" என்று அக்கா கூப்பிட்டாள். அவர் நிற்கவில்லை. பின்னால் உளிச் சத்தம் ஆரம்பித்தது. வரியைத்தான் கொத்துகிறானா, வேறெதையாவது கொத்துகிறானா என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டார்.