வளையம் சொன்னதும் ஏடு சொன்னதும்

கீழ்த்திசையிலிருந்து இரவெல்லாம் வீசிய காற்று தூறலையும் தொலைநாட்டுப் பறவைகளையும் ஒருங்கே கொண்டுவந்து கொட்டிவிட்டு அடங்கிப்போக, கலங்கரை விளக்கின் கடைசி ஒளிவீச்சு சாம்பல் நிற வானில் கரைய, வடகடல் மட்டும் ஓய்வறியாது பாறைகளை அறைந்துகொண்டிருக்க, நார்வே நாட்டின் மேலைக் கரையோரத்துச் சிறு தீவாகிய ஸ்கார்வோய் இலையுதிர் காலத்தின் ஒரு காலைப்பொழுதிலே கண்விழித்தது. மரமென்று மதித்துச் சொல்லத்தக்கவை அத்தீவில் பத்துக்கு மேல் இல்லை. ஆதலால் களைத்து இறங்கும் குருவிகளெல்லாம் உருளைக்கிழங்குப் பாத்திகளின் ஓரத்துப் புதர்களையே தஞ்சமடையும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வலைகளைப் பறவை ஆய்வு நிலையத்தார் விரித்துவைப்பதும் அங்கேதான்.

அன்று வலையில் அகப்பட்டதைக் கையில் ஏந்தி நின்றவள் ஒட்வெய்க். ஐம்பதைக் கடந்தவள், தீவின் அஞ்சலைச் சுமப்பவள், இருபது இலையுதிர் காலங்களை இவ்வலைகளின் அருகே கழித்தவள். மேலே மண்ணிறமும் கீழே வெளிறிய நிறமுமாய் இருந்த அக்குருவி இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரையைவிடச் சற்றே கனமாக இருந்தது. படிப்பவரே, இந்நிறக் குருவிகளில் இரண்டு இனங்கள் உள. இரட்டைப் பிள்ளைகளைப் போன்ற அவற்றைப் பெற்ற தாய்தான் பிரித்தறிய வேண்டும். நாணற் கதிர்க்குருவி குளிர்காலத்தைக் கழிக்க ஆப்பிரிக்காவுக்குப் போகும். இத்தீவுக்கு அரிதாகவே வரும் புதர்க் கதிர்க்குருவியோ இந்தியாவுக்குப் போகும். விரித்த சிறகில், வெளியிலிருந்து எண்ணி வரும்போது, மூன்றாம் இறகின் விளிம்பு மட்டும் ஒடுங்கியிருந்தால் அது நாணலினம். நான்காவதும் ஒடுங்கியிருந்தால் புதரினம்.

ஒட்வெய்க் மூன்றுமுறை எண்ணினாள். நான்காவதும் ஒடுங்கித்தான் இருந்தது. காலில் எண் பொறித்த வளையத்தை மாட்டி, 'புதர்க் கதிர்க்குருவி' என்று ஏட்டில் எழுதிக் கையெழுத்திட்டு, படமெடுக்க முயன்ற நொடியில் மழை பிடித்துக்கொண்டது. நனைந்த பறவையை வருத்தக்கூடாது என்பது நிலையத்தாரின் முதல் விதி. அவள் விரல்களை விரித்தாள், குருவி போயிற்று. படத்தில் விழுந்தது ஒரு மண்ணிறக் கறை மட்டுமே.

அரிய பறவைகளைக் கண்டதாகச் சொல்வோரின் சொல்லைத் தலைநகரில் ஐவர் குழு ஒன்று சீர்தூக்கும். அவ்வைவரும் நேர்மையாளர்களே, ஆனால் அவர்களில் எவரும் அக்குருவியைக் கையில் ஏந்தியதில்லை. 'இளம்பறவைகளின் இறகு மாறுபடுவதுண்டு, படம் தெளிவில்லை, ஐயமற நிறுவப்படவில்லை' என்ற மூன்று தொடர்களில் அவளுடைய இருபது ஆண்டுப் பழக்கத்தைத் தள்ளிவிட்டார்கள். படகுத் துறையில் நின்றவர்கள்கூட, உன் குருவி தேர்வில் தவறிவிட்டதாமே என்று அவளைச் சீண்டினார்கள். அவளும் சிரித்துவைத்தாள், உள்ளே எரிந்தது.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. குழு ஒப்பாத பெயர் ஏட்டில் இருக்கும்வரை, வளையங்களைக் கணக்கில் வைக்கும் அலுவலகம் நிலையத்தின் ஆண்டறிக்கை முழுவதையும் திருப்பியனுப்பிக்கொண்டே இருந்தது. நிலையத் தலைவர் கெய்ர்முண்ட் இருமுறை சொல்லிப் பார்த்தார். மூன்றாம் முறை, தீவார் கூடி அச்சப்பம் சுட்டு உண்ணும் ஒரு சனிக்கிழமையில், ஏட்டையே கொண்டுவந்து குளம்பிக் கோப்பைக்கு அருகில் வைத்தார்.

"ஒரு வரிதானே ஒட்வெய்க். நீ என்ன எழுதினாலும் குருவிக்குத் தெரியவா போகுது?"

அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. பேனாவை வாங்கினாள். தன் கையாலேயே பழைய பெயரை அடித்து, 'நாணற் கதிர்க்குருவி' என்று திருத்தி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டாள். அச்சப்பம் ஆறிப்போயிருந்தது, அதைத் தின்னாமலே வீட்டுக்குப் போனாள்.

மூன்றாண்டு கழிந்தது. அஞ்சல் பையை ஒட்வெய்க் பிரித்த ஒரு கோடைக்காலையில், வளைய அலுவலகத்தின் மடல் ஒன்று நிலையத்தின் முகவரிக்கு வந்திருந்தது. அதைக் கெய்ர்முண்டின் மேசைமேல் வைத்து, அவர் தோளுக்கு மேலாகப் படித்தாள். ஸ்கார்வோய் வளையம் ஒன்றைத் தென்னிந்தியாவின் கோடிக்கரையில், உடைமரப் புதரில் பிடித்த குருவியின் காலில் கண்டதாக அங்குள்ளோர் எழுதியிருந்தார்களாம். படிப்பவரே, நம் கோடிக்கரைதான்! அன்று மழையில் ஒட்வெய்க் மாட்டிய வளையத்தின் எண்ணே அது. அவள் சொன்னது மெய்யென்று அவளறியாத ஒரு கரையிலிருந்து அக்குருவியே சான்று சொல்லியிருந்தது.

மடலின் அடுத்த வரி இவ்வாறு இருந்தது: 'எம் பதிவின்படி இவ்வளையம் அணிந்தது நாணற் கதிர்க்குருவி. அவ்வினம் இந்தியாவுக்குச் செல்வதில்லை. எனவே எண்ணைத் தவறாகப் படித்திருக்கிறார்கள் என்று கொண்டு, இச்செய்தியை நீக்கிவிட்டோம்.'

அவள் சினம் கடல் கடந்து போகவில்லை; கெய்ர்முண்டிடம்கூட முழுதாய்ச் சேரவில்லை; தன்மீதே திரும்பி விழுந்தது. நடந்த உண்மையை வளைய அலுவலகத்துக்கு எழுதினாள். விடை பத்தே நாளில், பணிவான சொற்களில் வந்தது: பெயரைத் திருத்தியவர் தாங்களே, கையெழுத்தும் தங்களுடையதே, இனி மாற்றுவதற்கு இடமில்லை. கோடிக்கரையில் யாரோ ஒருவர் ஒன்பது சிற்றெண்களைப் பிழையின்றிப் படித்திருந்தார். அவரையும் அல்லவா பொய்யர் வரிசையில் உட்காரவைத்துவிட்டேன் என்று அவள் மனம் வெந்தாள்.

"நான் சொன்னது தப்புதான்," என்றார் கெய்ர்முண்ட், மடலை மடித்தபடி. "என்மேல கோவப்படு."

"உன்மேல கோவப்பட்டு என்ன ஆகப்போகுது? பேனா என் கையிலதானே இருந்துச்சு."

அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில், கீழைக்காற்று அடங்கிய மற்றொரு காலையில், அதே பாத்தியோரத்து வலையில் மண்ணிறக் குருவி ஒன்று தொங்கியது. அப்போதும் தூறல் தொடங்கியிருந்தது; படத்துக்கு நேரமில்லை. ஒட்வெய்க் சிறகை விரித்து எண்ணினாள். மூன்றாவது, நான்காவது. எதிரே ஏட்டைத் திறந்து நின்ற கெய்ர்முண்ட், பெயரைச் சொல் என்றார்.

"புதர்க் கதிர்க்குருவி."

"படம் இல்லாம அனுப்பினா இதையும் தள்ளிடுவாங்க."

"தள்ளட்டும். இந்தத் தடவை அடிக்கிறது அவங்க கையா இருக்கட்டும்."

அவர் எழுதி ஏட்டை நீட்டினார், அவள் கையெழுத்திட்டாள். மழைத்துளி விழுந்து மையின் ஓரம் சற்றே பரவிற்று, பெயர் மட்டும் அழியவில்லை. பிறர் நம்ப மறுத்த மெய் என்றேனும் எழுந்து வரக்கூடும்; கண்டவரே தம் கையால் அடித்துவிட்ட மெய்யோ, உலகைச் சுற்றிவந்து கதவைத் தட்டினாலும், திறக்க ஆளில்லாமல் திரும்பிப்போகும். அவள் விரல்களை விரித்தாள். குருவி தன் பெயரைக் கேட்டுக்கொள்ளாமல் தென்கிழக்கே பறந்தது.