வர்க்கமூலத்துக்கு வெளியே நின்ற x

என் தங்கை தர்சனா, தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்பவள். வேலணையில் நடந்த கணிதப் போட்டிக்கு அவளுக்குத் துணையாகப் போனவள் நான்.

முடிவு வந்தபோது ஒரு புள்ளியால் இரண்டாம் இடம். முதலிடம் வருபவர்தான் மாகாணப் போட்டிக்குப் போகலாம். விகிதமுறு கோவைகளை, அதாவது மேலும் கீழும் பல்லுறுப்பி நிற்கிற பின்னங்களை, இனங்காணச் சொன்ன பகுதியில், இரண்டு புள்ளிக் கேள்வி ஒன்றுக்குப் பிழை போட்டிருந்தார்கள். அது சரி என்று சாதித்தாள் இவள்.

முறைப்பாடுகளைப் பரிசளிப்பு முடிந்த பிறகுதான் கேட்பார்கள். அதற்குள் குறிகட்டுவான் துறையிலிருந்து எங்கள் நெடுந்தீவுக்குப் போகும் கடைசிப் படகு போய்விடும். அதனால் நெடுந்தீவுப் பிள்ளைகள் யாரும் முறைப்பாடு சொன்னதில்லை. கிடைத்த புள்ளியோடு பஸ் ஏறுவதுதான் எங்கள் வழக்கம். நானும் பையைத் தூக்கிக்கொண்டு அவளைத் திட்டினேன். அவள் கதிரையை விட்டு அசையவில்லை. மற்றப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பஸ் போனது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

ஒருவழியாக நடுவர் பிரதாபன் சேர் கூப்பிட்டார். கரும்பலகையில் அந்தக் கோவையை எழுதினார். மேலே √3 பெருக்கல் x, கீழே x + 2. வர்க்கமூலம் இருப்பதால் இது விகிதமுறு கோவை அல்ல என்றார்.

தர்சனா சோக்கட்டியை வாங்கி x-ஐச் சுற்றி வட்டம் போட்டாள்.

"வர்க்கமூலத்துக்குள்ள மூண்டுதான் நிக்குது சேர். x வெளியில நிக்குது. மேலயும் பல்லுறுப்பி, கீழயும் பல்லுறுப்பி. x உள்ள போயிருந்தால்தான் நீங்கள் சொல்லுறது சரி."

சேர் கிட்டப் போய் வர்க்கமூலக் குறி எங்கே முடிகிறது என்று பார்த்தார். பிறகு மற்ற நடுவர்களோடு கதைத்தார். திரும்பி வந்து விடைத்தாளில் இரண்டு புள்ளியைப் போட்டு, முதலிடம் அவளுக்கு என்று அறிவித்தார். தன் பிழையால் படகும் போய்விட்டதே என்று வருந்தினார்.

"படகு நாளைக்கும் வரும் சேர்," என்றாள் அவள். "இதை இண்டைக்கு விட்டிருந்தால் பிழை பிழையாவே கிடந்திருக்கும்."

எனக்கு எவ்வளவு பெருமை என்று சொல்லத் தெரியாது. இரவு தங்க, பக்கத்துச் சரவணையில் இருக்கிற சின்னம்மா வீட்டுக்கு நடந்தே போனோம். சேர் மாற்றி எழுதித் தந்த சான்றிதழை அவளிடம் கொடுக்காமல் நானே பிடித்துக்கொண்டு நடந்தேன், பெயர் ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரிகிற பக்கமாக.