ஆக்ரிம் மலைக்குப் பின்னால்

ஷ்யாமளா நூலகத்துக்குப் போனது புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கத்தான். அங்கே ஓர் அறையில் பெரிய மேசைமேல் பச்சைத் துணி விரித்து, சுண்டுவிரல் உயரச் சிப்பாய் பொம்மைகளை அணிவகுத்து வைத்திருந்தார்கள். வேடிக்கை பார்க்க நின்றவளைக் குட்டைத் தாடிக்காரர் ஒருவர் தமிழிலேயே கூப்பிட்டார். தூத்துக்குடிக்காரர், பெயர் தாமஸ். இந்த ரிச்சர்ட்சன் ஊரிலேயே மென்பொருள் வேலை; சனிக்கிழமையானால் பழைய போர்களை இப்படி மேசையில் நடத்துகிறவர்.

"ஒரு ஆள் கொறையுது மேடம். ஃப்ரீன்னா உக்காருங்களேன்."

ஃப்ரீதான். கணவன் வாஞ்சிநாதன் வேலை மாறி சான் ஹோசே போய் இரண்டரை வருஷம். "ஆறே மாசம், செட்டில் ஆனதும் கூப்பிட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனவன். எந்த நிமிஷமும் கிளம்பவேண்டியிருக்கும் என்று அவளும் அலுவலகத்தில் வந்த டீம் லீட் பதவியை வேண்டாமென்றாள், புதிதாக யாரோடும் பழகவில்லை. ஞாயிறுதோறும் அவன் போன் வரும். "கொஞ்சம் வெயிட் பண்ணு ஷ்யாமு" என்பான்.

தாமஸ் சுருக்கமாகச் சொன்னார். 1691 ஜூலை, அயர்லாந்தில் ஆக்ரிம் என்ற ஊர். அரியணை இழந்த கத்தோலிக்க அரசர் ஜேம்ஸுக்காக ஒரு படை. அந்த அரியணையைப் பறித்த ப்ராட்டஸ்டன்ட் மருமகன் வில்லியமுக்காக இன்னொன்று. அந்த ஒரே நாளில் ஏழாயிரம் பேர் செத்து, போரின் தலையெழுத்தும் முடிவானது.

"நீங்க ஜேம்ஸ் சைடு. குதிரைப்படை உங்களுது. மலைக்குப் பின்னாடி நிக்கணும். ஜெனரல் ஆர்டர் குடுக்காம மூவ் பண்ணக் கூடாது."

ஷ்யாமளா நின்றாள். இரண்டு மணி நேரம் நின்றாள். மலைக்கு முன்னால் சதுப்பில் இறங்கிய எதிரிகளை மற்றவர்கள் அடித்து விரட்டி ஆரவாரம் செய்தார்கள். அவளுடைய முறை வரும்போதெல்லாம், அவளுக்கு ஆர்டர் இல்லையென்று, எதிர் நாற்காலிக்காரர் பகடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

ஒரு பகடை வீச்சில் அவள் பக்கத்து ஜெனரல் பொம்மை சாய்ந்தது.

"நெஜத்துலயும் இப்படித்தான்," என்றார் தாமஸ். "பீரங்கிக் குண்டு தலையைக் கொண்டுபோயிடுச்சு. பிளான் என்னன்னு குதிரைப்படைத் தளபதிக்குக்கூட அவர் சொல்லல."

மேசை ஓரத்தில் ஒரு பொம்மைக் கோட்டையருகே இருந்த ஒற்றையடிப் பாதை வழியாக எதிரிகள் நுழையத் தொடங்கினார்கள்.

"இப்போ எனக்கு யார் ஆர்டர் குடுப்பா?"

"யாருமில்ல."

"அந்தத் தளபதி என்ன பண்ணினார்?"

"காத்துட்டு இருந்தார். விஷயம் தெரியறதுக்குள்ள எல்லாம் கைமீறிப் போச்சு."

ஷ்யாமளா முதல் குதிரையை விரலால் தொட்டாள்.

"நான் போறேன்."

"இனிமே ஜெயிக்க முடியாது மேடம்."

"தெரியறது."

குதிரைகளை ஒவ்வொன்றாக மலையைச் சுற்றி நகர்த்தினாள். பாதிக்குமேல் விழுந்தன. ஆனால் சிதறி ஓடிய காலாட்படைக்கும் துரத்தியவர்களுக்கும் நடுவே மீதி நின்றது; அந்த இடைவெளியில் முந்நூறு பேர் தப்பினதாகத் தாமஸ் தாளில் குறித்தார்.

வெளியே வந்து காரில் உட்கார்ந்து வாஞ்சிநாதனைக் கூப்பிட்டாள்.

"என்னாச்சு? இன்னிக்கு சனிக்கிழமைதானே?"

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். என்னை அங்க கூப்பிட்டுக்கற ஐடியா உங்களுக்கு இருக்கா, இல்லையா?"

போனில் அவனுக்குப் பின்னால் யாரோ தட்டு கழுவுவதுபோல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"இல்ல ஷ்யாமு," என்றான். "எப்படிச் சொல்றதுன்னு தெரியாம..."

"சரி," என்று வைத்துவிட்டாள்.

அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை, பசிதான் வந்தது. இரண்டரை வருஷத்தில் தனியாக ஒரு ஹோட்டல் படி ஏறியதில்லை. நெடுஞ்சாலையோரத் தோசைக் கடைக்குள் நுழைந்தாள். குடும்பம் குடும்பமாக நல்ல கூட்டம்.

"எத்தனை பேர் மேடம்?"

"ஒருத்தர்."

பரிமாறுபவர் ஜன்னலோரத்தில் நான்கு பேர் மேசையொன்றைக் காட்டினார். மேல் இருந்த நான்கு தண்ணீர் டம்ளர்களில் மூன்றை எடுத்துக்கொண்டு போனார்.